கூலி கேட்காத கிரியை

நரம்புச் சிலந்தி பிடித்த காலைப் பார்த்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள். கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல்போல ஒரு புழு தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே தங்கிய பாதி சீழ் வைக்கும். சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். நூறாண்டுக்கு முன், சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலையில் உட்கார்ந்து அந்தக் குச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர். மனிதன் செய்யும் எந்த வேலையும் அவனுக்கு இரட்சிப்பு வாங்கித் தராது என்று உறுதியாகப் போதித்த ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்.

இரட்சிப்புக்கு வழி விசுவாசமா, கிரியை என்னும் நற்செயலா என்பது கிறித்தவத்தின் தீராத வழக்கு. நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் ஒருவரும் நீதிமானாவதில்லை என்று ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதினார் பவுல். கிரியை இல்லாத விசுவாசம் பிணம் என்றார் யாக்கோபு. பவுலின் பக்கம் நின்ற மார்ட்டின் லூத்தர், 1522-இல் யாக்கோபின் கடிதத்தை வைக்கோல் நிருபம் என்றே சொல்லிவிட்டார். தொடக்கம் கிருபைதான், ஆனால் மனிதனும் அதற்கு இசைந்து நற்செயலில் வளர வேண்டும் என்று 1547-இல் திரெந்து சங்கம் கத்தோலிக்கத் தரப்பைச் சொன்னது. லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 ஆயிற்று.

தமிழருக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனை தானே குட்டியைக் கவ்விக்கொண்டு போகுமா என்று இறைவனின் அருளைப் பற்றி வைணவத்தின் வடகலையும் தென்கலையும் வாதாடியது இதன் பக்கத்து வீட்டுக் கேள்விதான். ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் பூனைக்குட்டிக் கட்சி.

ஜெஸ்ஸியும் ஈவ்லினும் 1913-இல் சேந்தமங்கலத்தில் மணமுடித்து மலையேறினார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் போகும் மலைக்கு அன்று நடையும் டோலியும்தான். மலேரியாவுக்குப் பயந்து சமவெளி ஆட்கள் அங்கே தங்கமாட்டார்கள். இவர்கள் தங்கினார்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் முதல் சில ஆண்டுகள் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை.

இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். மிஷனரிகளின் சேவை தூண்டிலில் கோத்த இரை என்ற குற்றச்சாட்டு பழையது. சில இடங்களில் அது உண்மையும்கூட. மலைமக்கள் கிறிஸ்துவிடம் வர வேண்டும் என்ற ஆசையைப் பிராண்ட் தம்பதியரும் மறைக்கவில்லை. ஆனால் வெறும் இரை என்றால், மீன் சிக்காத தூண்டிலை இத்தனை ஆண்டு யாரும் பிடித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். 1918–19-இன் விஷக்காய்ச்சலில், அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் படுத்தார். சொந்த ஆட்கள் நெருங்கவில்லை. இவர்கள் போய்ப் பார்த்தார்கள். சாகும்முன் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். மலை மனம் இளகியது அதன்பிறகுதான். ரோமர் நிருபம் பற்றி அந்தப் பூசாரிக்கு என்ன தெரியும்? அவர் படித்தது யாக்கோபைத்தான், அதுவும் இரண்டு மனிதர்களின் கைகளில்.

இங்கேதான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. இரட்சிப்பைக் கிரியையால் சம்பாதிக்க வேண்டும் என்று நம்புகிறவருக்கு, செய்தது போதுமா என்ற கணக்கு ஓயாது. கடன் ஏற்கெனவே அடைபட்டுவிட்டது என்று நம்புகிறவருக்குக் கணக்குப் புத்தகமே வேண்டாம். எதிரில் இருப்பவனின் கால் மட்டும் கண்ணில் படும். அந்த நம்பிக்கை பலரைச் சோம்பேறியாக்கியதும் உண்டு. பிராண்ட் வீட்டில் அது குச்சியைச் சுற்ற வைத்தது.

ஜெஸ்ஸி 1929 ஜூனில், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுக்கும் காய்ச்சலில் இறந்தார். அப்பாவோடு புண்களைப் பார்த்து முகம்சுளித்து வளர்ந்த மகன் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையில் முன்னோடியானார். ஈவ்லினுக்கு எழுபதை நெருங்கும்போது, ஓய்வெடுங்கள் என்றது மிஷன். அவர் அதிலிருந்து விலகி, தனியாளாகவே மலைக்குத் திரும்பினார். இடுப்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகப் போனார். கல்வராயன் மலைக்கும் போனார்.

அந்த நரம்புச் சிலந்திப் புழுவை இந்தியா 2000-இல் ஒழித்ததாகச் சான்று பெற்றது. ஈவ்லின் அதைப் பார்க்கவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்த அவரைப் பருத்தித் துணியில் சுற்றி, 45 ஆண்டுகளாகக் காத்திருந்த ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் கொல்லிமலையிலேயே அடக்கம் செய்தார்கள்.