புகைப்படமும் பெயரும்

ஒருவருடைய உருவத்தைப் படத்திற் பிடித்து வைத்துப் பெயரை எழுதாது விடுதல் தகுமோ என்பது சிறு வினாவாகத் தோன்றும். சபரகமுவத் தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நமக்கு அது சிறிதன்று.

இரத்தினபுரியைக் கடந்து செல்லும் களுகங்கை கடலொடு கலக்குமிடம் களுத்துறை. இங்கிலாந்திலே டார்வின், தெனிசன் முதலியோரைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற யூலியா மார்கரற் கமரன் என்னும் அம்மையார், 1875 இல் இலங்கைக்கு வந்து, அவ்விடத்தே ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படம்பிடித்தார். அவர் கணவர் கோப்பித் தோட்டங்கள் உடையவர். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் உருவம் பதிதற்கு, எதிரேயிருப்பவர் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். அவ்வருத்தத்தை டார்வினும் பட்டார்; களுத்துறைத் தொழிலாளியும் பட்டார். முன்னவர் பெயர் படத்தோடு நின்றது. 1878 இல் எடுத்த ஒரு படத்துக்கோ 'களுத்துறைக் குடியானவர்' என்பதே தலைப்பு. அதிலுள்ள பெண்ணுக்கு வயது 12 என்றும், தன்னை அவள் தந்தையென்ற முதியவர் தமக்கு வயது நூறு என்றாரென்றும் அம்மையார் குறித்தார். வயதை வினாவப் பொழுதிருந்தது. பெயரை வினாவப் பொழுதில்லை போலும்!

உடம்பு மாயாகாரியம், பெயரும் அவ்வுடம்பிற்கு இட்டதே, அது மறையின் ஆன்மாவுக்கு வரும் குறை யாது என்பாருமுளர். சுந்தரமூர்த்தி நாயனாரும் திருத்தொண்டத்தொகையில் ஒன்பது தொகையடியாரைத் தனிப்பெயர் சுட்டாது வணங்கினாரன்றோ எனவும் கேட்பர். இக்கேள்வி எளிதிற் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஆங்குத் தொகையாகக் கூறியது, தம்மை அடியேனென்று தாழ்த்தி அவர் அனைவரையும் வணங்குதற்பொருட்டு. ஈங்குத் தொகையாகக் கூறியதோ, எவரை வைத்தாலும் ஒக்குமென்னும் கருத்தால். ஆன்மாக்கள் எண்ணில என்பதும், ஒவ்வொன்றும் தன்வினையைத் தானே நுகருமென்பதும் நம் சித்தாந்தம். ஆதலின் ஒருவர்க்கு மற்றொருவர் ஈடாகார்.

அம்மையாரைத் தீயரென்று கூறேன். முதியவர் சொல்லை அவர் சொன்னவாறே குறித்தமை ஒருவகை மதிப்பேயாம். அவர் 1879 இல் இறந்தார்; பொகவந்தலாவைத் தேவாலயத்திலுள்ள கல்லறையில் அவர் பெயர் உண்டு.

நம் லயங்களிலும் விபூதி சாத்தி மாலையிட்ட பழைய படங்கள் பலவுள. பேரன் அவர் இன்னாரென்று அறிவான். பேரன் மகன் அறியான். மாணாக்கரைக் கொண்டு, படத்தின் பின்புறத்தே பெயரும் தந்தை பெயரும் தோட்டத்தின் பெயரும் பென்சிலால் மெல்ல எழுதுவித்தல் நம்மாலாகும். அதற்குமுன் நம் பாடசாலைச் சுவரையும் சற்றே நோக்குக. குழுப்படங்களில் அதிபர், ஆசிரியர் பெயரெல்லாம் அச்சிட்டு, பிள்ளைகளை 'ஐந்தாம் வகுப்பு' என்று விட்டிருக்கின்றோம். படமெடுத்த அன்றே, பின்வரிசை முதலாக, இடமிருந்து வலமாக அவர்கள் பெயரை எழுதி இடாப்பினுள் வைத்தற்கு ஒரு நாழிகை போதும்.