காட்டுவதில் இல்லை குற்றம்

1978 பிப்ரவரியில் பிபிசி தொலைக்காட்சி ‘கிரேஞ்ச் ஹில்’ என்ற தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. லண்டனில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஓர் அரசுப் பள்ளியின் கதை அது. உருவாக்கியவர் பில் ரெட்மண்ட். அப்படிப்பட்ட பள்ளியிலேயே படித்து வந்தவர். பிரிட்டிஷ் சிறுவர் கதைகளில் பள்ளி என்றாலே வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி என்றிருந்த வழக்கத்தை இந்தத் தொடர் உடைத்தது. இங்கே பிள்ளைகள் ஆசிரியரை எதிர்த்துப் பேசினார்கள். கடையில் திருடினார்கள். நோஞ்சானைப் பிடித்து மிரட்டிக் காசு பறித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சாயங்காலம் 5 மணிவாக்கில், பெரியவர்கள் வேலையிலிருந்து திரும்பும் முன் தனியே உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில் இதையெல்லாம் காட்டலாமா என்று பெற்றோர் கொதித்தார்கள்.

அந்தக் கோபத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளை பார்ப்பதைச் செய்து பார்க்கும். அதிலும் தனியாகப் பார்க்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிரட்டலும் இனவெறியும் திரையிலிருந்து இறங்கிப் பள்ளிக்குள் போகவில்லை. 80களின் தொடக்கத்தில் அந்தத் தொடரில் கிரிப்பர் ஸ்டெப்சன் என்ற முரடன் ரோலண்ட் என்ற குண்டுப் பையனை வதைத்தான்; கறுப்பின மாணவர்களையும் ஆசிய மாணவர்களையும் இழிவாகப் பேசினான். லண்டன் பள்ளிகளில் தினமும் அதை அனுபவித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது புதுச் செய்தி அல்ல. தனக்கு நடப்பதை ஊரறியச் சொல்ல ஒரு கதை இருக்கிறது என்பதுதான் புதிது. அந்தக் கதையை மறைத்திருந்தால் பெரியவர்களுக்கு நிம்மதி கிடைத்திருக்கும், பிள்ளைக்கு அல்ல.

1986இல் வந்த சம்மோவின் கதைதான் இந்தக் கேள்வியை உரசிப் பார்க்கச் சரியான இடம். பிரிட்டனில் அப்போது வேலையில்லாதோர் 30 லட்சத்துக்கும் மேல். புகைக்கக்கூடிய மலிவான ஹெராயின் லிவர்பூல், கிளாஸ்கோ போன்ற நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நுழைந்திருந்தது. சம்மோ 1982 முதல் பார்வையாளர் கண்முன்னே வளர்ந்த பையன். குறும்பும் சிரிப்புமாக எல்லோருக்கும் பிடித்தவன். அவனையே ஹெராயினுக்கு அடிமையாக்கிக் காட்டியது தொடர். யாரோ முகம் தெரியாத கெட்ட பையனைக் காட்டியிருந்தால் பார்த்தவர்கள் தமக்குச் சம்பந்தமில்லை என்று தப்பித்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் வெளிறியது, பொய் கூடியது, நட்பு முறிந்தது. ஒரு கட்டத்தில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் வைத்திருந்த கூடமொன்றில் அவன் சுயநினைவின்றிக் கிடக்க, அவனைக் கண்டுபிடிப்பவன் அதே ரோலண்ட். அந்தக் காட்சியில் போதையின் இன்பம் துளியும் இல்லை. ஒரு பையன் கிடக்கிறான், இன்னொரு பையன் என்ன செய்வதென்று தெரியாமல் பார்க்கிறான், அவ்வளவுதான்.

அறம் சறுக்கிய இடம் தொடருக்கு வெளியே இருந்தது. அதே ஆண்டு நடிகர்கள் சேர்ந்து ‘ஜஸ்ட் ஸே நோ’ என்ற பாட்டை வெளியிட்டார்கள். ‘வேண்டாம் என்று மட்டும் சொல்’ என்பது அதன் செய்தி. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம்வரை போனது. அமெரிக்காவில் அதே முழக்கத்தை முன்னெடுத்த, அன்றைய அதிபரின் மனைவி நான்சி ரீகனைச் சந்திக்க நடிகர்கள் வெள்ளை மாளிகைக்கே சென்றார்கள். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் பல வாரங்கள் பொறுமையாகத் தொடர் சொல்லியது என்ன? வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் மட்டும் பிள்ளைகள் விழுவதில்லை, விழுந்தபின் ஒரு சொல்லால் எழுவதும் இல்லை என்றுதான். பாட்டு, விழாமல் இருக்க வேண்டிய பாரத்தை முழுக்கப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்தது. ஏற்கெனவே ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்ட பிள்ளைக்கு அந்த முழக்கத்தில் எதுவும் இல்லை. கசப்பான கதையைவிட இனிப்பான அறிவுரை பொய்யாகிப்போன சந்தர்ப்பம் இது.

காட்டலாம் என்று ஒப்புக்கொண்டாலும் எதை எதுவரை என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2007இல் பிரிஸ்டல் நகரைக் களமாக வைத்து இ4 அலைவரிசையில் வந்த ‘ஸ்கின்ஸ்’ தொடரில் கேசி என்ற பெண்ணுக்கு உணவை வெறுக்கும் நோய். சாப்பாட்டு மேசையில் அவள் தன் தந்திரத்தைத் தோழனுக்கு விளக்குகிறாள். ஓயாமல் பேசு, தட்டில் உள்ளதை வெட்டிக்கொண்டே இரு, எதிரே இருப்பவரின் கவனத்தைத் திருப்பு. ஒரு வாய்கூட உண்ணவில்லை என்பது யாருக்கும் தெரியாது. பிரமாதமாக எழுதப்பட்ட காட்சி. அதைப் பார்த்த தாய் தன் மகளின் தட்டை மறுநாள் உற்றுப் பார்த்திருக்கலாம். அதே நோயுள்ள பெண்ணுக்கு அது செய்முறை விளக்கமாகவும் ஆகியிருக்கலாம். ஒரே காட்சி இருவருக்கும் போய்ச் சேர்கிறது; எழுதியவர் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. சந்தேகம் இருக்கும்போது நோயாளியின் பக்கம் சாய்வதே முறை. தாய்க்குச் சொல்ல வேறு வழிகள் உண்டு. வலியைக் காட்டலாம், காரணத்தைக் காட்டலாம், விளைவை ஒளிக்காமல் காட்டலாம். செய்யும் முறையைக் கற்றுத்தரத் தேவையில்லை. அது இல்லாததால் சம்மோவின் கதை எதையும் இழந்துவிடவில்லை.

ஆரம்பத்தில் ‘ஸ்கின்ஸ்’ தொடருக்கும் எழுதிய ஜாக் தோர்ன், நடிகர் ஸ்டீபன் கிரஹாமோடு சேர்ந்து எழுதிய ‘அடோலசன்ஸ்’ 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சக மாணவியைக் கொன்ற 13 வயதுப் பையனின் கதை. கொலையைவிட, இணையத்தில் பெண்வெறுப்பைக் கற்றுக்கொண்ட ஒரு மனத்தின்மேல்தான் அதன் கண் இருக்கிறது. பிரிட்டிஷ் மேல்நிலைப் பள்ளிகளில் அதை இலவசமாகத் திரையிட ஏற்பாடாயிற்று. பிரதமர் கியர் ஸ்டார்மரும் அதை வரவேற்றார். திரையிடுவது எளிது. விளக்கு எரிந்தபின் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவன் தன்னையே அந்தக் கதையில் பார்த்திருக்கக்கூடும்; பெண்களில் ஒருத்தி தன்னைத் தொந்தரவு செய்பவனைப் பார்த்திருக்கக்கூடும். அவர்களோடு பேச ஓர் ஆசிரியரையும் அதற்கான பாடவேளையையும் ஒதுக்காமல் எந்தப் பள்ளியும் இந்தத் தொடரைத் திரையிட வேண்டாம்.