புடைத்த கோடுகள்

என் மேசை மேல் இரண்டு ஸ்பிட்ஃபயர் விமானங்கள் நிற்கின்றன. இரண்டும் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாதிரி கிட். 72-இல் ஒரு பங்கு. நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர், இங்கே ஒரு சாண்கூட வராது. ஒன்று 1979-ஆம் ஆண்டு அச்சு. மற்றது ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துப் புதிதாகச் செய்த அச்சு.

பழையதைத் தடவினால் விரலில் நெருடும். தகடுகள் சேரும் இடமெல்லாம் மயிரிழை போலக் கோடு புடைத்திருக்கிறது. புதியதில் அதே கோடுகள் பள்ளம். இணைப்பு என்றால் இடுக்குதானே, பள்ளம்தான் சரி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கணக்குப் போட்டேன். நிஜத்தில் 1 மி.மீ. இடுக்கு, இந்த அளவில் 0.014 மி.மீ.; கண்ணுக்கே தெரியாது. கிட்டில் 0.2 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் இருந்தால், நிஜ விமானத்தில் அது 14 மி.மீ. பிளவு! சுண்டுவிரல் நுழையும். அப்படியானால் இரண்டுமே மிகைதான்.

புடைப்புக்குக் காரணம் அறியாமை இல்லை. உருக்கு அச்சில் கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். பள்ளம் வேண்டுமென்றால் அச்சில் மெல்லிய வரப்பை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் உள்ள உருக்கைக் குடைந்தெடுக்க வேண்டும். கையால் அச்சு செதுக்கிய காலத்தில் அது பெரும்பாடு. என் விரலில் நெருடுவது ஒரு தொழிலாளி கீறிய கீறல்.

இது தெரியாமல் அதைத் திருத்தப் புறப்பட்டேன். பழைய கிட்டின் இடது இறக்கையை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தேன். ஸ்கேல் வைத்து, ஊசியால் புதுக் கோடுகள் கீறினேன். நான்கு மாலைகள் போயின. வேலை சுத்தமாகவே வந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க ஏதோ குறைந்தது.

அப்பாவின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. அவர் போன பிறகு அவற்றைக் கணினியில் ஏற்றினேன். அவர் ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ போடுவார், வாக்கியத்தை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவுவார். எல்லாவற்றையும் சரிசெய்தேன். தங்கை படித்துவிட்டு, “நல்லா இருக்குண்ணா. ஆனா அப்பா பேசுற மாதிரி இல்லையே” என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

வலது இறக்கையைத் தொடவில்லை. அப்படியே வண்ணம் பூசி நிறுத்திவிட்டேன். வந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தூசி துடைக்கும்போது மட்டும் என் விரல் வலப்பக்கம் கொஞ்சம் நின்று போகிறது.