தாதியின் முகமும் கையும்

வியாபாரிகளாகிய நாம் முகத்தைப் பார்த்தே மனிதரை எடைபோட்டுப் பழகியவர்கள். வாசலில் கால் வைப்பவர் ரொக்கமா, கடனா என்பது நமக்குத் தெரிந்துவிடும். அதே பழக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதியரையும் எடை போட்டு, "இரக்கமே இல்லை, முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை" என்று குறை சொல்லுகிறோம். பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் கடைகளிலும் அடிக்கடி கேட்கும் குறைதான் இது. நியாயமான குறைதானா?

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகள் உண்டு. உயிர் ஊசலாடுபவர் சிவப்பில்; காத்திருக்கக் கூடியவர் பச்சையில். பச்சையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பொறுமையிழந்த நாம் பார்க்கும் முகம், சற்று முன்பு சிவப்பில், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட பையனின் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்து, அவன் மவுத்தானதும் அவன் தாயை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்த முகமாக இருக்கலாம். அந்த முகத்திடம் நாம், "என் நம்பர் எப்போது வரும்?" என்று சத்தம் போடுகிறோம்.

இந்த நிலைமைக்கு 1992-ல் கார்லா ஜாயின்சன் என்பவர், அவசரப் பிரிவுத் தாதியரைப் பற்றி எழுதுகையில், இரக்கச் சோர்வு என்று பெயரிட்டார். பிறர் துன்பத்தைத் தினமும் சுமப்பவருக்குத் தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது, கடைசியில் எதுவும் உறைக்காமல் மனம் மரத்துப்போகிறது. அதிகம் இரங்குபவரே இதில் அதிகம் அகப்படுகிறார் என்பது, 1995-ல் இதைப் பற்றி நூல் வெளியிட்ட சார்ல்ஸ் ஃபிக்லி என்னும் அறிஞரின் கருத்து. நாம் கல் மனம் என்று தீர்ப்புச் சொன்னவரிடம் ஒரு காலத்தில் நம்மைவிட அதிகமாகவே இரக்கம் இருந்திருக்கலாம்.

2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா நோயாளிகள் கட்டிலின்றி அவசரப் பிரிவுக்கு வெளியேயும் காத்துக் கிடந்தார்கள். உறவினர் உள்ளே போக வழியில்லை. மகன் பிடிக்கவேண்டிய கையைத் தாதி பிடித்தார். அப்போது அவர்களை வீராங்கனைகள் என்றோம். 2024-ல் அவர்களுடைய வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் ஏற்பாடு வந்து, எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டதே, அந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்தோம்?

"சம்பளம் வாங்கவில்லையா?" என்பார் சிலர். வாங்குகிறார்கள், வாஸ்தவம். சம்பளம் கையின் வேலைக்கு. மனம் உருகுவது கொசுறு. கொசுறு கிடைத்தால் சந்தோஷம். கிடைக்கவில்லை என்பதற்காக எடை குறைந்தது என்று சொல்ல நமக்கு ஹக்கு இல்லை. உள்ளம் வறண்டுபோன பின்னும் மருந்தின் அளவை இரண்டு முறை சரிபார்த்து, நனைந்த விரிப்பை மாற்றி, கிழவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் தாதி, சிரித்துப் பேசிக் கடமையில் தவறுபவரைவிட உயர்ந்தவர் என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் மரத்த மனம் நாளடைவில் கையையும் தளரவைக்கும். வலிக்கிறது என்பவரை நம்பாது. ஆகவே அவர்களுக்கு ஓய்வும், கூடுதல் ஆட்களும், மனம்விட்டுப் பேச ஒருவரும் வேண்டும். அவை சர்க்கார் செய்யவேண்டியவை. நம் கையில் இருப்பதோ சின்னக் காரியம். ஒருவர் படுத்தால் பத்துப் பேர் போய், பத்துப் பேரும் தனித்தனியே அதே தாதியிடம் விசாரிக்கிறோம். ஒருவர் மட்டும் கேட்டுவந்து மற்ற ஒன்பது பேருக்கும் வாசலில் சொல்லிவிட்டால் போதாதா?