இன்றைய தையலை இன்றைக்கே போடுங்கள்

வேதபகுதி: யாத்திராகமம் 26:1-6, 39:32-43



துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் வேலை நம் சகோதரிகளில் பலருக்குத் தெரியும். இதைக் குவில்ட் என்பார்கள். நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கிப் பிள்ளைக்கு விரிப்புத் தைத்ததும் இந்த இனத்து வேலைதான். இதில் கைவைத்தவர்கள் வீட்டில் ஒன்றோடு நிற்பதில்லை. ஒன்று வெட்டியபடி இருக்கும், ஒன்று பாதி இணைத்தபடி இருக்கும், இன்னொன்றுக்கு ஓரம் மட்டும் பாக்கி இருக்கும். "பாஸ்டர், நாலு ஆரம்பிச்சேன், ஒண்ணும் முடியலை. பீரோவைத் திறந்தாலே மனசு குத்துது" என்பார்கள்.

தேவபிள்ளையே, உன் ஆவிக்குரிய வாழ்க்கையிலும் இதே குத்தல் இல்லையா? எழுப்புதல் கூட்டத்தில் துவங்கின அதிகாலை ஜெபம் பாதியில் நிற்கிறது. வேதவாசிப்பு லேவியராகமத்தில் நின்றுவிட்டது. இரட்சிக்கப்படாத கணவனுக்காக ஏறெடுத்த ஜெபம் ஓய்ந்துபோயிற்று. உடனே சத்துரு காதில் சொல்லுகிறான்: "நீ எதையுமே முடிக்கமாட்டாய்." அந்தச் சத்தத்திற்குச் செவிகொடாதே! ஆவியானவர் நம்மைக் கடிந்துகொள்ளுவார். ஆனால் நம்பிக்கையை ஒருபோதும் பறிக்கமாட்டார்.

1. தேவனுடைய வேலையும் துண்டு துண்டாகவே நடந்தது

ஆசரிப்புக் கூடாரத்தைப் பாருங்கள். பத்து மூடுதிரைகள், ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஐந்தை ஒன்றாகவும், மற்ற ஐந்தை ஒன்றாகவும் இணைத்தார்கள். பிறகு ஓரங்களில் ஐம்பது ஐம்பது காதுகள் வைத்து, 50 பொன் கொக்கிகளால் இரண்டையும் சேர்த்தார்கள். அப்போதுதான் அது ஒரே வாசஸ்தலம் ஆயிற்று. அதே காலத்தில் பேழை, மேஜை, குத்துவிளக்கு, ஆசாரிய வஸ்திரம் எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தன. ஸ்திரீகள் தங்கள் கைகளால் நூல் நூற்றுக்கொண்டு வந்தார்கள். நூல் நூற்ற சகோதரியின் கண்ணுக்குக் கூடாரம் தெரிந்ததா? இல்லை, அவள் கையிலிருந்த நூல்தான் தெரிந்தது. ஆனாலும் இரண்டாம் வருஷம் முதலாம் மாதம் முதல் தேதியிலே கூடாரம் நின்றது, கர்த்தருடைய மகிமை அதை நிரப்பிற்று. அல்லேலூயா!

பல வேலைகள் பாதியில் இருப்பது பாவமல்ல. கைவிட்டுவிடுவதுதான் ஆபத்து.

2. ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய வேளை

துணி வெட்டப் பகல் வெளிச்சமும் பெரிய மேஜையும் வேண்டும். துண்டுகளை இணைக்க மிஷின் முன்னால் உட்கார வேண்டும். மேல்துணி, நடுவே பஞ்சு, கீழ்த்துணி என்று மூன்றையும் சேர்த்துக் கைத்தையல் போடுவதை, சாயங்காலம் பிள்ளைகள் பக்கத்தில் படிக்கும்போதே செய்யலாம். அதனால் மூன்று போர்வை கையில் இருந்தால், எந்த வேளையிலும் ஏதாவது ஒன்று முன்னேறும்.

ஞானமுள்ள சகோதரி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் வைப்பாள். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுவாள். மறுபடி எடுக்கும்போது "எங்கே விட்டேன்?" என்று தேடமாட்டாள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். உங்கள் ஜெபநோட்டில் ஒவ்வொரு பாரத்தின் எதிரிலும் இந்த வாரம் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். ஒன்றையாவது முடிக்காமல் புதிதாக இன்னொன்றைத் துவங்காதிருங்கள்.

3. கால் அங்குலத்தில் உண்மையாயிருங்கள்

இரண்டு துண்டை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பது வழக்கம். ஒவ்வொரு இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் போனால் என்ன ஆகும்? 12 துண்டு உள்ள வரிசையில் 11 இணைப்பு. வரிசையே ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறைந்துபோகும். பக்கத்து வரிசையோடு சேராது. "சின்னக் காரியம்தானே" என்று விட்டது கடைசியில் போர்வையையே கோணலாக்கும். கொஞ்சத்தில் உண்மையுள்ளவனிடமே அநேகத்தை ஒப்புவிப்பேன் என்றார் நம் எஜமான். தினம் 15 நிமிஷம்தான் கிடைக்குதா? அதை நேராகத் தையுங்கள்.

4. கிழிந்ததையும் எறியாதிருங்கள்

அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் உண்டு. பருத்திக் காட்டில் அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். குளிருக்கு மூடிக்கொள்ள வேறு வழியின்றி, அந்த ஊர்ப் பெண்கள் நைந்த வேலையுடுப்பையும் சாக்குத் துணியையும் இணைத்துப் போர்வை தைத்தார்கள். துண்டுகளை அவரவர் வீட்டில் தனியாக இணைப்பார்கள். கடைசித் தையலைக் கூடி உட்கார்ந்து, பாடி ஜெபித்துக்கொண்டே போடுவார்கள். 1942-ல் மிசௌரி பெட்வே என்ற தாய், மரித்துப்போன தன் கணவனுடைய வேலையுடுப்புகளை எடுத்து ஒரு போர்வை தைத்தாள். அவர் நினைவை மூடிக்கொண்டு தூங்கவேண்டும் என்பதே அவள் வாஞ்சை. அந்த ஊர்ப் போர்வைகளை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கவிட்டு ஜனங்கள் பார்த்தார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் அவை வந்தன. தைத்த நாளில் அவர்கள் அதையா நினைத்தார்கள்? இன்று ராத்திரி பிள்ளை குளிரில் நடுங்கக்கூடாது, அவ்வளவுதான்.

யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, அவள் செய்த வஸ்திரங்களை விதவைகள் பேதுருவுக்குக் காட்டி அழுதார்கள். அவள் கை செய்த வேலையே அவளுக்காகப் பேசிற்று!

சகோதரியே, உன் துக்கமும் தோல்வியும் கர்த்தருடைய கையில் துண்டுத் துணிகள்தான். தனியே பார்த்தால் கந்தல். அவர் இணைத்தால் ஒருவனைக் குளிருக்குக் காக்கும். இந்த வாரம் பீரோவைத் திறந்து, முடிவுக்கு மிகக் கிட்டே இருக்கிற ஒன்றை வெளியே எடு. நின்றுபோன ஜெபத்தையும் அதோடு எடு. கடைசித் தையலுக்கு ஆள் வேண்டுமா? சபையில் சொல்லு, கூடி உட்காருவோம்.

ஜெபிப்போம்: அன்பின் பிதாவே, பாதியில் நிற்கிற எங்கள் வேலைகளை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். இன்றைய பங்கை இன்றைக்குச் செய்யப் பெலன் தாரும். எங்களில் நீர் துவங்கினதை நீரே முடித்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.