கூட்டத்தோடு, தனியாக

“சித்தி, தனியாத்தான் ஆடுவீங்கன்னா எதுக்கு ஆன்லைன்ல போய் ஆடுறீங்க?” என்று அக்கா மகன் கேட்டான். 12 வயதுக்காரன் கேட்டதில் தவறில்லை. அவன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஹெட்போனில் கத்திக்கொண்டே ஆடுகிறவன். நான் யாரையும் அழைப்பதில்லை, யாராவது அழைத்தாலும் போவதில்லை. முன்பின் தெரியாத ஏழு பேரோடு ஆடிவிட்டு, அவர்கள் யாரென்று தெரியாமலே எழுந்து வருகிறேன். இதில் என்ன சுகம் என்பது அவன் கேள்வி. இந்தச் சுகம் சரிதானா என்பது என் கேள்வி. கூட்டம் வேண்டும், ஆனால் அந்தக் கூட்டத்தில் எவரோடும் உறவு வேண்டாம் என்று ஒருத்தி நினைப்பது சுயநலமா, கோழைத்தனமா, அல்லது நமக்கு இதுவரை வாய்க்காத ஏதோ ஒன்றா?

ஆட்டத்தின் பெயர் ஸ்பிளாட்டூன். நிண்டெண்டோ நிறுவனம் 2015இல் முதல் பாகத்தை வெளியிட்டது. 2022இல் மூன்றாம் பாகம் வந்தபோது, ஜப்பானில் மட்டும் முதல் மூன்று நாட்களில் 34 லட்சத்து 50 ஆயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது. துப்பாக்கி ஆட்டம் என்றதும் மனதில் வரும் காக்கியையும் புழுதியையும் ரத்தத்தையும் அழித்துவிடுங்கள். இங்கே ஆடுகிறவர்கள் பாதி மனிதப் பிள்ளை, பாதி கணவாய். சுடுவது வண்ண மை. துப்பாக்கி பிடிக்காவிட்டால் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் ரோலர் இருக்கிறது, தூரிகை இருக்கிறது, வாளிகூட இருக்கிறது. நாலு பேர் இந்தப் பக்கம் மஞ்சள், நாலு பேர் அந்தப் பக்கம் ஊதா. மூன்று நிமிடம். யாருடைய நிறம் தரையில் அதிகப் பரப்பை மூடியிருக்கிறதோ அவர்களுக்கு வெற்றி. எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பது தீர்ப்பில் சேராது. தீர்ப்புச் சொல்வது ஒரு குண்டுப் பூனை. சொந்த நிறத்துக்குள் கணவாயாக மாறி நீந்தலாம், ஒளியலாம், தீர்ந்துபோன மையை நிரப்பிக்கொள்ளலாம். எதிரியின் நிறத்தில் கால் வைத்தால் சேறுபோல இழுக்கும். அடிபட்டால் மை தெறிக்க மறைந்து, சில நொடிகளில் புறப்பட்ட இடத்திலேயே மறுபடி முளைப்போம்.

எல்லோரும் எதிரியைத் தேடி நடுக்களத்துக்கு ஓடும்போது, பின்னால் நின்று நம் பக்கத்து மூலைமுடுக்கெல்லாம் பூசிவிட்டு வர ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது நான்தான். அந்த வேலையும் கடைசிக் கணக்கில் அப்படியே ஏறுகிறது. யார் எவ்வளவு பூசினார் என்பது பெயருக்கு நேரே எண்ணாக வருகிறது. வீட்டுவேலை மாதிரியான ஒன்றுக்கு எண் போடுகிற இடம் நான் பார்த்தவரை இது ஒன்றுதான். (இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்க மாட்டேன். பூசிய தரை அடுத்த ஆட்டத்தில் வெறும் தரையாகக் கிடக்கிறது. அது மட்டும் அச்சு அசல் வீடு.)

ஆனால் நான் அங்கே போவதற்கு மையைவிட, மைக் இல்லாததுதான் பெரிய காரணம். தெரியாதவர்களோடு ஆடும்போது ஆட்டத்துக்குள் பேச வழியே கிடையாது. இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று ‘இந்தப் பக்கம் வா’ என்கும், இன்னொன்று சும்மா ஒரு உற்சாகக் கூச்சல் போடும். அவ்வளவுதான் அங்கே மொழி. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, பேசி ஆடும் ஆட்டங்களில் ஆடிப் பார்த்த பெண்ணுக்குத் தெரியும். வேறொரு துப்பாக்கி ஆட்டத்தில் நான் மைக்கில் சொன்னது “இடது பக்கம் ரெண்டு பேர்” என்பது மட்டும்தான். அதன்பிறகு இடது பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் குரலைப் பற்றித்தான் பேச்சு. வயது கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், பதில் வராததும் வசை. மைக்கை அடைத்துவிட்டு, ஆண் பெயர் வைத்துக்கொண்டு ஆடும் பெண்கள் ஏராளம். 2014 அக்டோபரில், வீடியோ கேம்கள் பெண்களைச் சித்திரிக்கும் விதத்தை விமர்சித்துவந்த அனிதா சர்கீசியன், அமெரிக்காவின் உட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தது. பேசினால் துப்பாக்கிச்சூடு நடக்கும் என்று மின்னஞ்சலில் மிரட்டல் வந்தது. உரிமம் வைத்திருப்பவர் அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை அந்த மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் உரையை ரத்துசெய்தார். ஏழு மாதம் கழித்து ஸ்பிளாட்டூன் வெளிவந்தது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை.

இங்கேதான் சங்கடமும் தொடங்குகிறது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ என்ற புத்தகம், பொதுவெளியில் பெண் எப்போதும் ஏதோ வேலையாகப் போகிறவளாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதைப் பற்றியது. வேலையே இல்லாமல் சும்மா நிற்கும் உரிமையை அது கேட்கிறது. டீக்கடை பெஞ்சில் ஒரு ஆண் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், யாரோடும் பேசியாக வேண்டியதில்லை. ஆளே இல்லாத தனிமை வேறு, இந்தத் தனிமை வேறு. முதலாவது நமக்கும் கொஞ்சம் கிடைக்கிறது, குளியலறையிலாவது. இரண்டாவதற்கு நமக்கு பெஞ்சே கிடையாது. ஸ்பிளாட்டூன் எனக்கு அந்த பெஞ்ச் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதே புத்தகம், பாதுகாப்பின் பெயரால்தான் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள், ஆகவே ஆபத்தை நாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கேட்போம் என்கிறது. அப்படிப் பார்த்தால் என்னுடையது, வாயைக் கட்டிய ஆட்களுக்கு நடுவே போட்ட பெஞ்ச். வசைபாடுகிறவன் திருந்தவில்லை, அவனுக்குப் பேச வழியில்லை, எனக்கும் இல்லை. நான் பெண் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. மூன்றாம் பாகத்தில் உருவத்தை அமைக்கும்போது ஆணா பெண்ணா என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். அதற்காக அங்கே என்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவே.

இருந்தாலும் ஒரு வேறுபாட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பெண்ணை மட்டும் வாயை மூடச் சொன்னால் அது ஊரடங்கு. எட்டுப் பேருக்கும் பேச்சில்லை என்றால், கபடியில் மூச்சு விடாமல் பாடுவதுபோல அது ஆட்டத்தின் விதி. மைக்கைத் திறந்துவைத்துக்கொண்டு மற்ற ஆட்டங்களில் சண்டை போடும் பெண்களுக்கு நான் கடன்பட்டவள். ஆனால் ஓய்வு நேரத்திலும் போராளியாக இரு என்று எந்தப் பெண்ணிடமும் கேட்க மாட்டேன், என்னிடமும்.

இன்னொரு குற்றச்சாட்டு இதைவிட ஆழமாகக் குத்துகிறது. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த பெண்ணியத் தத்துவவாதி மரியா லுகோனெஸ் 1987இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆட்டத்தைப் போட்டியாகவே பார்க்கும் ஹோய்சிங்கா, காடமர் போன்றவர்களை மறுக்கிறார். போட்டியாளன் இன்னொருவரின் உலகத்துக்குள் நுழைந்தால் அதை வென்று அழிக்கத்தான் தெரியும் என்கிறார். தரையெல்லாம் என் நிறமாக்கு என்பதைவிடப் பச்சையான ஆக்கிரமிப்பு ஆட்டம் உண்டா? இல்லை. மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அறையிலிருக்கும் எட்டுப் பேரையும் கலைத்து மறுபடி பிரிக்கிறார்கள். இப்போது என்னை ரோலரால் மூன்று முறை நசுக்கிய ஆள், அடுத்த ஆட்டத்தில் என் நிறத்தில் என் பக்கத்தில் நிற்பார். வன்மம் வைக்க நேரமில்லை. லுகோனெஸ் வேண்டும் என்று சொல்லும் விளையாட்டு மனம், தன்னைப் பெரிதாக எண்ணாதது, முட்டாளாகத் தெரிய அஞ்சாதது. கூட்டாளிகளோடு திட்டம் போட்டு வருகிறவர்களுக்கு அது கஷ்டம், தோற்றால் யாரால் தோற்றோம் என்று பஞ்சாயத்து நடக்கும். தனியாக வருகிறவள் வாளியோடு சுவரில் ஏறி, வழுக்கி விழுந்து, சிரித்துக்கொள்ளலாம்.

தனியாக ஆடுகிறவளுக்குக் கடமையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நடுவில் எழுந்து போனால் என் இடத்துக்கு வேறு ஆள் வராது. மூன்று பேர் நாலு பேரை எதிர்த்து ஆடி முடிக்க வேண்டும். ஆகவே எழுவதில்லை. உள்ளிருந்து அம்மா கூப்பிட்டால் “மூணு நிமிஷம்மா” என்கிறேன். முகம் தெரியாத மூணு பேருக்காகப் பெத்தவளைக் காக்க வைப்பியா என்கிறார் அம்மா. அப்பா கிரிக்கெட் பார்க்கும்போது கடைசி ஓவரில் எழுந்ததே இல்லை, அவர் எழுந்து போனாலும் யாரும் தோற்கப்போவதில்லை. பெண்ணின் கடமையெல்லாம் உறவின் வழியாகவே வந்து பழகிவிட்டதால், அந்நியருக்கு அவள் கொடுத்த வாக்கு வாக்காகவே தெரிவதில்லை போல. அம்மாவின் குரலில் அவசரம் இருந்தால் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு ஓடுவேன், அதில் சந்தேகமில்லை. ரிமோட் எங்கே என்று கேட்கக் கூப்பிட்டால் ஓட மாட்டேன். பால் பொங்கினால்? பொங்கட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை.