கடலை மறந்த கப்பல்

கலம் என்பது ஒரு கரையினின்று மறுகரைக்குக் கொண்டுசேர்க்கும் கருவி. கருவியே பயனாகிவிடுமாயின், பயணம் என்னும் சொல்லுக்கு எஞ்சும் பொருள் யாது? இன்றைய பெரும் உல்லாசக் கப்பல்கள் எழுப்பும் வினா இதுவே.

பின்லாந்தின் தூர்க்கு நகரக் கப்பல் கட்டும் துறையில், 1990இல் 'சில்யா செரினேட்' உருவாயிற்று. கப்பல் அகலமாக அகலமாக, நடுப்பகுதி அறைகளுக்குச் சன்னல் கிட்டாது. வெளிச்சுவர் எல்லார்க்கும் போதாது. ஆகவே, நடுவே நீண்டதொரு கடைத்தெருவை அமைத்து, உள்ளறைகளின் சன்னல்களை அத்தெருவை நோக்கித் திறந்தனர். கூரிய அறிவின் செயலே அது! 2009இல் அந்நகரிலேயே கட்டி முடிக்கப்பெற்ற 'ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்' கப்பலில் மேற்கட்டே இரண்டாகப் பிளக்கப்பட்டு, இடையில் வானம் பார்த்த பூங்கா எழுந்தது. பால்டிக் கடலைவிட்டு வெளியேறுகையில், டென்மார்க்கின் பாலமொன்றைக் கடக்க அதன் புகைபோக்கிகளைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. 2024இல் பயணந்தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' 365 மீட்டர் நீளமுடையது. அதன் மொத்தக் கொள்ளளவு 248,663 டன். இது எடையன்று, உள்ளிடத்தின் அளவு. டைட்டானிக்கினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இவற்றைப் பழித்தல் எளிது. ஆயினும், முதியோரும் குழந்தைகளும் நடக்கவியலாதாரும் அச்சமின்றிக் கடல்மேற் செல்லுகின்றனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

கடலோ மனிதனுக்கெனச் செய்யப்பட்டதன்று. அதன்முன் தன் சிறுமையை உணர்தல் இழிவன்று, ஒருவகை அறிவு. பூங்காவை நோக்கிய மாடத்தில் அமர்ந்தவன் காண்பனவெல்லாம் மனிதன் செய்தவையே. கரையிறங்கினும், பகாமாசில் அந்நிறுவனமே தன் பயணிகளுக்கென அமைத்துள்ள தீவு அவனை வரவேற்கின்றது, அங்கும் நீர்ச்சறுக்குகள்தாம்! கடலைக் காணாதவாறு அவனை எவரும் தடுத்திலர். தடுக்கப்படாத ஒன்றை மறத்தல் யார் குற்றம்? மக்கள் விரும்பினர் என்பார் கட்டியவர். கிடைத்ததை ஏற்றோம் என்பார் சென்றவர். இரண்டும் பாதி உண்மையே. விருப்பத்தை நிறைவேற்றுவோர் அவ்விருப்பத்தை வளர்க்கவும் செய்கின்றனர். ஆதலின், கட்டியவர் பொறுப்பே சற்று மிகுதி எனல் தகும். ஆனால், தான் இழந்தது இன்னதென அறியாதவனுக்கு எவர் எதனை ஈடு செய்வது?

'ஐகான்' கப்பலில் பணிபுரிவோர் ஏறத்தாழ 2,350 பேர். அவர்களுள் கடலைப் பார்த்தே தீரவேண்டியவர், கப்பலோட்டும் மேடையில் முறைவைத்து நிற்கும் மிகச் சிலரே. நள்ளிரவிலும் அவர்கள் இருளை நோக்கியவாறு விழித்திருக்கின்றனர்.